அட்டையின் திகதி வேறு, நாட்களின் கணக்கு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் தன் மாமியாரைப் பற்றி எழுதியிருந்தார். மாமியார் யாழ்ப்பாணத்தில் நிற்கிறாராம். கனடாவின் பி.ஆர். அட்டை, அதாவது நிரந்தர வதிவிட அட்டை, அங்கேயே காலாவதியாகிவிட்டதாம். ஆகவே வதிவிட உரிமையும் போய்விட்டது, இனி விசிட்டர் விசாவுக்குத்தான் போட வேண்டும் என்று முடித்திருந்தார். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய வீட்டார் இப்போது செய்கிற பிழையை நானும் என் பிள்ளைகளும் அச்சொட்டாகச் செய்தோம். அதற்குக் கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 2009இல் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஸ்காபுரோவுக்கு வந்தவள். கணவர் 2014இல் காலமானார். ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தேன். பிள்ளைகள் குடியுரிமை எடுத்தார்கள், நான் எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் சோதனை வைப்பார்கள், அதில் தவறினால் மானம் போகும் என்ற பயம். 2017 ஒக்ரோபரில் சட்டம் மாறி, 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மொழித் தகுதியும் வேண்டாம், சோதனையும் வேண்டாம் என்று ஆனது. அப்போது எனக்கு 56 வயது. அந்தச் செய்தி என் காதுக்கு எட்டவேயில்லை. எட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திராது.

2018 மார்கழியில் கரவெட்டியில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். 84 வயது. இடுப்பு எலும்பு முறிந்து, முதலில் மந்திகை ஆஸ்பத்திரி, பிறகு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. நாங்கள் இரண்டு பெண்கள். தங்கச்சி நியூ ஜேர்சியில். கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸ் செய்கிறவள், அசைய முடியாது. நான்தான் போனேன். 2019 ஜனவரி 14, தைப்பொங்கலுக்கு முதல்நாள் பியர்சனில் விமானம் ஏறினேன். யூலையில் திரும்பிவர ரிக்கற் போட்டிருந்தேன்.

அந்த யூலை வரவேயில்லை. அம்மா எழும்பி நடக்கவில்லை. படுக்கைப் புண் வந்தது. அடுத்த வருடம் மார்ச்சில் கொரோனா வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தை மூடினார்கள். இதற்கிடையில் 2021 யூனில் என் பி.ஆர். அட்டை முடிந்தது. மகன் தொலைபேசியில் "அம்மா, காட் முடிஞ்சு போச்சு, இனி என்ன செய்யிறது" என்று குரல் உடைந்து கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். பெற்ற தாயை விட்டுவிட்டுப் போக முடியாது, கடவுள் விட்ட வழி என்று இருந்துவிட்டேன்.

இப்போதுதான் தெரியும்: அன்று ஒன்றும் முடிந்திருக்கவில்லை.

நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் இந்த ஒரு பிரிவை வரி வரியாகப் படிக்க வேண்டிய நிலை எனக்கு வந்தது. 2002 யூன் 28 முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அது. எந்த 5 வருடத்தை எடுத்துப் பார்த்தாலும் அதற்குள் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அதிகாரி எந்த நாளில் உங்களைக் கேட்கிறாரோ, அந்த நாளிலிருந்து பின்னோக்கி 5 வருடத்தை எண்ணுவார். பி.ஆர். ஆகி 5 வருடம் ஆகாதவர் என்றால், மிச்சமிருக்கும் காலத்தில் 730 நாளை நிரப்ப முடியுமா என்று பார்ப்பார். அட்டையில் அச்சடித்த திகதி இந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை. அது அட்டையின் ஆயுள். உரிமைக்கு அப்படி ஒரு காலாவதித் திகதி கிடையாது.

என் கணக்கைப் பாருங்கள். 2019 ஜனவரி வரை, ஒரு கலியாணத்துக்குப் போய்வந்ததைத் தவிர, நான் கனடாவை விட்டு அசையவில்லை. ஆகவே 2022 ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் என்னிடம் 730 நாள் இருந்தது. அட்டை முடிந்தது 2021 யூனில். கணக்கு முடிந்தது அதற்கு 7 மாதம் கழித்து. அந்த 7 மாதத்தில் எந்த நாளிலும், அட்டை இல்லாத பி.ஆர். வெளிநாட்டிலிருந்து திரும்பிவரக் கொடுக்கிற பி.ஆர். பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்து, பயமில்லாமல் விமானம் ஏறியிருக்கலாம். அம்மாவை அந்த நிலையில் விட்டுவிட்டு நான் வந்திருப்பேனா என்பது வேறு கதை. நான் சொல்வது, வரலாமா இருக்கலாமா என்று தீர்மானிக்கிற உரிமையை எங்கள் அறியாமை எங்களிடமிருந்து எடுத்துவிட்டது என்பதுதான்.

அம்மா 2022 ஓகஸ்ட் 14 காலமானார். பெற்றோல் வரிசையில் நாடே நின்ற வருடம் அது. கிளினிக்குக்கு ஓட்டோ பிடிக்கக்கூட வழியில்லாமல், அயலட்டைப் பெடியன்கள் அம்மாவை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் கிடத்திக்கொண்டு போன நாட்கள் உண்டு. கீரிமலையில் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்து நாலாம் நாள் புறப்பட்டேன். அட்டையோ பயண ஆவணமோ இல்லாதவரைக் கனடா விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஆனால் தங்கச்சியின் மகனுடைய கலியாணத்துக்காக 2018இல் எடுத்த அமெரிக்க விசா என் கடவுச்சீட்டில் உயிரோடு இருந்தது. ஆகவே நியூயோர்க்குக்கு வந்து இறங்கி, தரைவழியாக வருவது என்று தீர்மானித்தோம்.

இந்த இடத்தில்தான் ஒரு ஆலோசகர் எங்கள் வாழ்க்கையில் நுழைந்தார். பெயர் வேண்டாம். தொலைபேசியிலேயே 1,200 டொலர் வாங்கிக்கொண்டு அவர் சொன்ன ஆலோசனை: "இரவு பத்து மணிக்குப் பிறகு போங்கோ. எவ்வளவு நாள் வெளியில நிண்டீங்கள் எண்டு கேட்டால் மூண்டு நாள், நியூ ஜேர்சிக்குப் போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ. அதுக்கு மேல ஒண்டும் கதைக்காதேங்கோ." இதே ஆலோசனையைக் கேட்ட வேறு மூன்று குடும்பங்களை எனக்குத் தெரியும். நம்முடைய கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் இதை ஒரு கெட்டித்தனம்போலச் சொல்லிக்கொள்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

தங்கச்சி வீட்டில் இரண்டு இரவு நின்றேன். பெறாமகன் என் பழைய கடவுச்சீட்டையும் புதியதையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, "பெரியம்மா, பொய் சொல்லிப் போறதெண்டால் நான் கார் ஓட்டமாட்டன். உண்மையைச் சொல்லுறதெண்டால் வாங்கோ, நாளை எண்ணுவம்" என்றான். நெல்லியடியில் வாங்கிய 80 பக்கக் கணக்குக் கொப்பி ஒன்று என் கைப்பையில் இருந்தது. அதன் முன்பக்கங்கள் முழுக்க அம்மாவின் கணக்கு: எத்தனை மணிக்கு மருந்து, எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தேன், புண்ணுக்கு மருந்து கட்டிய நாள். கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து என் நாட்களை எழுதத் தொடங்கினோம்.

எல்லைக்குப் போகவிருந்த 2022 செப்ரெம்பர் 20இலிருந்து 5 வருடம் பின்னோக்கிப் போனோம். 2017 செப்ரெம்பர் 20 முதல் 2018 செப்ரெம்பர் 19 வரை 365. அடுத்த நாள் முதல் 2019 ஜனவரி 14 வரை 117. கூட்டினால் 482. அதிலே கலியாணத்துக்குப் போன நாட்களைக் கழிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போனேன், திங்கள் திரும்பினேன். நாலு நாளையும் கழிக்கப் போனேன். பெறாமகன் விடவில்லை. ஒரு நாளில் கொஞ்ச நேரம் கனடாவில் இருந்தாலும் அது முழு நாளாகவே எண்ணப்படும். போன வெள்ளியும் வந்த திங்களும் கனடா நாட்கள். சனி, ஞாயிறு இரண்டும்தான் கழியும். 480. வேண்டியது 730. குறைவது 250. அந்த 250ஐ எழுதி அடிக்கோடு போட்டபோது கை நடுங்கியது. ஆனால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்த பிறகு, தெரியாமல் பயந்த பயம் கொஞ்சம் அடங்கியது என்பதும் உண்மை.

செப்ரெம்பர் 20, செவ்வாய்க்கிழமை. எலிசபெத் மகாராணியின் இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு, பின்னேரம் இரண்டு மணிபோலப் பஃபலோவில் பீஸ் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். கீழே நயாகரா ஆறு. அக்கரையில் ஃபோர்ட் ஈரி. கொடிகள் தெரிந்தன. பட்டப் பகலில்தான் போனோம்.

கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த இளம் அதிகாரி காலாவதியான அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு காலம் வெளியில் இருந்தீர்கள் என்று கேட்டார். "மூன்று வருடமும் எட்டு மாதமும்" என்றேன். இந்த ஆங்கில வசனத்தை நான் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு மஞ்சள் துண்டில் ஏதோ எழுதிக் கார்க் கண்ணாடியில் வைத்து, உள்ளே போகச் சொன்னார்.

உள்ளே வேறோர் அதிகாரி, நடுத்தர வயதுப் பெண். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். அந்த அதிகாரி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்ட முதற்கேள்வி, நான் எதிர்பார்த்ததல்ல. "2018 ஓகஸ்டில் எங்கேயாவது போனீர்களா?" என்றார்.

ஒரு நிமிடம் எனக்கு மூச்சு நின்றது. நான் கொப்பியின் பின்பக்கத்தைத் திறந்து, "கலியாணம், நியூ ஜேர்சி, கழிக்க 2" என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தேன். மொழிபெயர்ப்பாளருக்கு வாசித்தேன். அவர் சொன்னதைக் கேட்ட அதிகாரி திரையைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அதன் பிறகு அவர் கதைத்த விதமே மாறியது. கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, முன்பக்கங்களைப் புரட்டி, இந்த எண்கள் என்ன என்று கேட்டார். அது அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்த நேரங்கள் என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லுமுன் சற்றே நிறுத்தினார். அவரும் யாரையோ பார்த்தவராக இருக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, அந்த ஆலோசகர் சொன்னபடி "மூன்று நாள்" என்று நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் வாசகர்கள் யோசிக்க வேண்டும். அமெரிக்கத் தரை எல்லையைத் தாண்டினால், அந்த நாட்டுக்குள் நுழைந்த பதிவே கனடாவை விட்டு வெளியேறிய பதிவாக இங்கே வந்து சேர்கிறது. எங்களைப் போன்ற நிரந்தர வதிவிடவாசிகளுக்கு இது 2013இலிருந்தே உண்டு. 2019 முதல் கனடியப் பிரஜைகளும் அடக்கம். 2020 முதல் விமானத்தில் போகிறவர்களின் வெளியேற்றமும் பதிவாகிறது. இது போதாதென்று கடவுச்சீட்டில் கட்டுநாயக்கா முத்திரை வேறு. பொய் சொல்லிப் பிடிபட்டால் நாள் குறைந்தது சின்னக் குற்றமாகிவிடும்; உண்மையை மறைத்தது பெரிய குற்றமாகிவிடும். அதற்கு 5 வருடம் நாட்டுக்குள் வரத் தடை. பிறகு எந்த மன்றத்தில் போய் அம்மாவைப் பார்த்தேன் என்று அழுதாலும் நம்புவதற்கு ஆள் இருக்காது.

அன்று என்னை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நாள் குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். இரண்டாவது அதிகாரி ஒருவர் அதைப் பார்த்து, அம்மாவின் மரணச் சான்றிதழையும் ஆஸ்பத்திரிக் கடதாசிகளையும் பார்த்து, கடைசியில் வெளியேற்றக் கட்டளை ஒன்றைக் கையில் தந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கால் தளர்ந்துவிட்டது. அப்படியே திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துப் பெறாமகனின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் அதிகாரிதான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு விளங்கப்படுத்தினார்: நீங்கள் இப்போதும் நிரந்தர வதிவிடவாசிதான். வீட்டுக்குப் போகலாம். 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்தால், அது முடியும்வரை இந்தக் கட்டளை உங்களை ஒன்றும் செய்யாது.

இதுதான் எங்கள் சனத்துக்குத் தெரியாத பெரிய விசயம். பி.ஆர். என்று நிரூபித்தால் எல்லையில் உள்ளே விட்டே ஆக வேண்டும். அதைச் சட்டத்தின் 19ஆம் பிரிவே சொல்கிறது. எல்லையில் நிற்கிற அதிகாரி அங்கேயே உரிமையைப் பறித்துத் திருப்பி அனுப்ப முடியாது. மேன்முறையீட்டுக் காலம் முடியும்வரை அல்லது மேன்முறையீட்டில் தோற்கும்வரை உரிமை உங்களுடையது. வெளிநாட்டில் இருந்து பயண ஆவணம் கேட்டு மறுக்கப்பட்டவர்களுக்கும் மேன்முறையீடு உண்டு. அவர்களுக்கு 60 நாள். கரவெட்டியில் எங்கள் அடுத்த ஒழுங்கையில் ஒரு ஐயாவுக்கு மறுப்புக் கடிதம் மின்னஞ்சலில், இங்கே இருக்கும் மகனுடைய முகவரிக்குத்தான் வந்தது. மகன் அதைத் திறந்து பார்த்தபோது 60 நாள் கடந்திருந்தது. ஐயாவிடம் சொல்ல மகனுக்கு வாய் வரவில்லை. அந்த ஐயா எனக்குத் தெரிய, கடைசிவரைக்கும் "காட் வரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மேன்முறையீடு 2024 மாசியில் எடுக்கப்பட்டது. ஏஜாக்ஸில் மகளின் சமையலறை மேசையில் கணினியை வைத்து, காணொளி வழியாக. இரண்டு மணித்தியாலம். நான் பயந்த கேள்விகள் ஒன்றும் வரவில்லை. ஏன் போனீர்கள், ஏன் நின்றீர்கள், பார்க்க வேறு யாரும் இல்லையா, இங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள், திரும்பிவர எப்போது முயன்றீர்கள். தங்கச்சியின் டயலிசிஸ் கடிதம் ஒரு கேள்விக்குப் பதில். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் இன்னொன்றுக்கு. விசாரித்தவர் கடைசியாகக் கேட்டது: "தாயார் இறந்து எத்தனை நாளில் புறப்பட்டீர்கள்?" முப்பத்தைந்தாம் நாள் என்றேன். ஏன் 35 நாள் என்றார். அந்தியேட்டியை விளக்கினேன், 31ஆம் நாள் பிள்ளை செய்ய வேண்டிய கடமை என்று. அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். மூன்று கிழமையில் தீர்ப்பு வந்தது. 250 நாள் குறைவு உண்மை, ஆனால் மனிதாபிமானக் காரணங்கள் போதுமானவை என்று கட்டளையை நீக்கிவிட்டார்கள்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் வீடு கட்டுகிறேன் என்று நாலு வருடம் நின்றுவிட்டு வந்த ஒருவர், எனக்குத் தெரிய மேன்முறையீட்டில் தோற்றார். மனிதாபிமானம் என்பது காரணத்தைப் பார்த்துக் கிடைப்பது. கடதாசி இல்லாத காரணத்தை யாரும் காரணமாக எடுப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருதரம் வந்து முகம் காட்டிவிட்டுப் போனால் பி.ஆர். பிழைக்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். அது 2002க்கு முந்திய சட்டத்தின் மிச்சம். அப்போது 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே நின்றால் கனடாவைக் கைவிட்டவராகக் கருதினார்கள். அந்தச் சட்டம் போய் எத்தனையோ வருடம். எங்கள் வாயிலிருந்துதான் அது போகவில்லை. ஒன்ராறியோ சுகாதார அட்டைக்கு 12 மாதத்தில் 153 நாள் என்பது வேறு கணக்கு. குறைந்த வருமான முதியோருக்கான மேலதிகக் கொடுப்பனவு 6 மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நிற்கும் என்பது இன்னொரு கணக்கு. இவற்றையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியதில்தான் எங்கள் வயதானவர்கள் தடுமாறுகிறார்கள். பிள்ளைகள் குடியுரிமை உள்ளவர்கள், ஆகவே பரவாயில்லை என்பதும் பிழை. கனடியப் பிரஜையான கணவனோடு அல்லது மனைவியோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்கள் கணக்கில் சேரும், ஆதாரம் வேண்டும். பெற்ற பிள்ளை பிரஜையாக இருப்பதால் தாய் தகப்பனுக்கு ஒரு நாளும் சேராது.

எல்லையில் அறிக்கை எழுதப்படாமல் உள்ளே வந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் உடனே அட்டையைப் புதுப்பிக்க ஓடவேண்டாம். சட்டம் பார்ப்பது கடந்த 5 வருடத்தை மட்டும். 730 நாள் நிறையும்வரை இங்கேயே இருந்தால் பழைய குறை தானாகக் கரைந்துவிடும். ஆனால் அறிக்கை எழுதப்பட்டுவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் இங்கே இருக்கும் நாட்கள் அந்தக் குறையை நிரப்பாது. அப்போது வழி மேன்முறையீடு மட்டுமே. ஊரிலேயே மீதிக் காலத்தைக் கழிக்க மனம் வைத்தவர்கள் பி.ஆரைத் தாங்களாகவே கையளித்துவிட்டு, கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் வந்து நிற்பதற்கான சுப்பர் விசா எடுக்கலாம். 2022 யூலை முதல் அதில் ஒருமுறை வந்தால் 5 வருடம்வரை நிற்கலாம். அதுவும் ஒரு மரியாதையான முடிவுதான், யாரும் குறைவாகப் பேச வேண்டியதில்லை.

மனதில் ஆறாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கனடிய நிறுவனம் ஒன்று தன் ஊழியரை முழுநேர வேலைக்கு டுபாய்க்கு அனுப்பினால், அவர் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் கனடாவில் இருந்த நாளாகவே எண்ணப்படுகிறது. சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பெற்ற தாய்க்கு மலசலம் எடுத்து, இரவில் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைத்த நாள் ஒன்றுகூட எண்ணப்படுவதில்லை. பிறகு ஒருவர் மனம் இரங்கினால் மன்னிப்பார்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கடமை செய்யப் போனேன். ஒரு வருடமாவது, வைத்தியர் அத்தாட்சிப்படுத்திய பராமரிப்பு நாட்களையாவது, கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க எங்கள் சமூகத்துக்கு எல்லா நியாயமும் உண்டு. ஸ்காபுரோவில் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அடுத்தமுறை வரும்போது இதைக் கேளுங்கள். நான் கேட்பேன்.

உங்களிடம் என் வேண்டுகோள் இது. விமானச் சீட்டு விளம்பரங்கள் உங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வருகின்றன. கோடை விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் சனம் அதைப் பார்த்துத்தான் புறப்படுகிறது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் போடுங்கள்: 5 வருடம், 730 நாள், போன நாளும் வந்த நாளும் சேரும், அட்டையின் திகதி அல்ல. முதியோர் சங்கங்களிலும் கோயில் மண்டபங்களிலும் பஜனையும் யோகாவும் நடக்கிறது, நல்லது. ஒரு சனிக்கிழமை கடவுச்சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, இருந்து எண்ணிக் கொடுக்கக் கூடிய இளம் பிள்ளைகளை அழையுங்கள். 55 வயது தாண்டியவர்களிடம், உங்களுக்குக் குடியுரிமைச் சோதனை இல்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். 5 வருடத்தில் 1,095 நாள் இருந்தால் போதும், செலவு ஏறக்குறைய 650 டொலர் வரும். ஊர்க் காணி போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு, இலங்கை இரட்டைக் குடியுரிமை 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விண்ணப்பிக்கக் கூடியது என்றும் சொல்லுங்கள். நான் கடந்த ஒக்ரோபரில் குடியுரிமைக்குப் போட்டுவிட்டேன்.

அந்த மாமியாரைப் பற்றி எழுதிய வாசகருக்கு: தம்பி, முதலில் மாமியின் கடவுச்சீட்டை எடுத்து முத்திரைகளைப் பாருங்கோ. கடைசி 5 வருடத்தில் அவர் வெளியே நின்ற நாட்கள் மொத்தம் மூன்று வருடத்துக்குக் குறைவு என்றால் ஒன்றும் போகவில்லை. விசிட்டர் விசாவுக்குப் போடாமல் பயண ஆவணத்துக்குப் போடுங்கோ. கூட என்றால், ஏன் நின்றார் என்பதற்கான கடதாசிகளை இன்றைக்கே சேர்க்கத் தொடங்குங்கோ, நல்ல சட்டத்தரணியைப் பிடியுங்கோ, வருகிற கடிதங்களுக்கு உங்கள் மின்னஞ்சலை நாளாந்தம் திறந்து பாருங்கோ.

என் கொப்பியின் பின்பக்கம் மூன்றின் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். எப்படி எண்ணுவது என்று தெரியாதவர்களுக்கு உதவும் என்றால் அச்சிடலாம். பெயரையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் மட்டும் மறைத்துவிடுங்கள். முன்பக்கங்களை அனுப்பவில்லை, அது அம்மாவுடையது.

இப்படிக்கு,
ஒரு வாசகி
ஸ்காபுரோ